பனிப் போத்தலுக்குள் நின்ற அக்கா

கண்ணகைத் தாயை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு சொல்லாவது கூட்டி எழுதினால் அவ என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே, நமக்கெல்லாம் தலை நரைத்து, முழங்கால் பிடித்து, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. போன மாதம் செங்கலடியில் ஒரு கலியாண வீட்டில் நம்மில் கொஞ்சப் பேர் கூடினோம். பந்தியில் எனக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒருத்தி, பெயர் வேண்டாம், என்னைக் கண்ணால் காட்டித் தன் மருமகளிடம் சொன்னா: "இவட அக்காக்குத்தான் கா, புருசனே போத்தல்ல செய்வினை வச்சுப் புள்ளய அழிச்ச." மெதுவாகச் சொல்வதாக அவவுக்கு நினைப்பு. எனக்குக் காது இன்னும் நல்லாகத்தான் கேட்கிறது.

பிசைந்த சோற்றை அப்படியே மூடிவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அவவும் அந்தப் போத்தலைச் செய்தவதானே! நாம் எல்லோரும் ஒரே வகுப்பில், ஒரே கிழமையில் செய்தோம். அதை மறந்துவிட்டா. செய்வினை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அக்கா கண்மூடிவிட்டா. இனி எழுதினால் நோவதற்கு வீட்டில் ஆளில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தான் மேல் கிடக்கிற பழியை மட்டும் பொறுக்க வேண்டாம்.

சூறாவளி அடித்ததற்கு இரண்டாம் வருஷம் அது. ஊரில் தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்றதே, பள்ளிக்கூடத்தில் பாதிக்கு ஓடு, பாதிக்குக் கிடுகு என்று இருந்தோமே, அந்தக் காலம். புயலுக்குப் பிறகு உடைந்த தோணிகளைத் திருத்த வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து ஒருவர் வந்தார். அவரைத்தான் அக்கா விரும்பினா. அப்பா சரி என்றார். அம்மா அரை மனதோடு சரி என்றா. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய மகனுக்கு அக்கா முறைப்பெண். கலியாணச் சோறு பரிமாறும்போது மாமா இலைக்கு முன்னால் இருந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று எழும்பிப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னப் பிள்ளை நான். மெய்யாகவே வயிறு சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

நம்மட வழக்கப்படி வீடு அக்காவுக்கு. அத்தான் அங்கே வந்து சேர்ந்தார். அம்மாவும் அப்பாவும் நானும் பின்னால் இருந்த குசினிக் குடிலுக்கு மாறினோம். படுவான்கரை ஆட்கள் என்றால் நம்முடைய கரையில் அப்போது ஒரு பேச்சு இருந்தது, உங்களுக்கும் தெரியும். அங்கே பிறந்த பிள்ளை பால் குடிக்க முந்தியே மந்திரம் படிக்கும் என்று. அத்தானுக்கு ஒரு திருநீற்று மந்திரமும் தெரியாது. தேவாரமே பாதியில் மறந்துபோய், மீதியை வாய்க்குள் முணுமுணுப்பார்.

அந்த வருஷம்தான் கைப்பணி ரீச்சர் வந்தா. பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வருவா. ஒரு நாள் கைக்குட்டையில் சுற்றி ஒரு கண்ணாடி உருண்டை கொண்டுவந்தா. லண்டனில் இருந்த தம்பி அனுப்பியதாம். ஒரு பெரிய தோடம்பழம் அளவு. உள்ளே தண்ணீர், சிவப்புக் கூரை போட்ட குட்டி வீடு ஒன்று, பக்கத்தில் சவுக்கு மாதிரி ஒரு மரம். ரீச்சர் அதைக் கவிழ்த்து நிமிர்த்தினா. வெள்ளை வெள்ளையாகக் கூரை மேல் இறங்கியது. பின் வாங்கில் இருந்த நீங்கள் எழும்பி எட்டிப் பார்த்தீர்கள்.

"ரீச்சர், அது பஞ்சா?"

"பனி. குளிர் நாட்டில மழை இப்படித்தான் விழும்."

"அங்க நுளம்பு கடிக்குமா ரீச்சர்?"

அதைக் கேட்டவன் கடைசி வாங்குக்காரன். ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவணை முடிவில் கண்காட்சி, ஆளுக்கு ஒரு பனிப் போத்தல் செய்து வரவேண்டும் என்றா. ஜாம் போத்தல், உள்ளே நிற்க ஒரு உருவம், விழுவதற்கு வெள்ளையாக ஏதாவது. பனி மெல்ல இறங்குவதற்குக் கிளிசரின் தான் தருவேன் என்றா. கபில நிறப் போத்தலில் கொண்டுவந்து கரண்டியால் ஊற்றித் தந்தாவே, கையில் பட்டு இனித்தது என்று நீங்கள் சிலர் நக்கினீர்களே, அது நினைவிருக்கிறதா?

வெள்ளைக்கு நாம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அரிசி மாவைப் போட்டேன், போத்தல் முழுக்கப் பால் மாதிரி ஆகிவிட்டது. தேங்காய்ப் பூ முதல் நாள் அழகாக இருந்தது. மறுகா புளித்து, மூடியைத் திறந்தால் வீடு முழுக்க நாற்றம். உப்புக் கல் கரைந்து காணாமல் போனது. கடைசியில் முட்டைக் கோதுதான் கைகொடுத்தது. உள்பக்கத் தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, அம்மாவின் பாக்குரலில் இடித்தேன். போத்தலுக்குள் போட்டு ஆட்டினால் ரீச்சரின் பனி தோற்றது.

அத்தான் புளிய மரத்தடியில் தோணியைக் கவிழ்த்து வைத்து வேலை செய்வார். குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளில் பூசுவார். அந்தச் சட்டியிலிருந்து வரும் வாசம் கோயில் வாசம் மாதிரியே இருக்கும்.

"என்ன சின்ன மச்சாள், கோழியெல்லாம் உன்னைக் கண்டா ஓடுதாம். முட்டையையும் கேக்கிறாய், கோதையும் கேக்கிறாயாம்."

"போங்க அத்தான். எனக்கு உள்ளுக்கு நிக்க ஒரு ஆள் வேணும். மரத்தில செஞ்சா மிதக்குது."

"என்னை நிக்கச் சொல்லுறியா?"

"உங்கட வண்டி வயித்துக்குப் போத்தல் காணாது."

சிரித்துவிட்டு, பழைய வீச்சுவலையில் கழன்ற ஈயக் குண்டுகளைப் பொறுக்கி, கல்லில் வைத்துத் தட்டித் தகடாக்கித் தந்தார். ஈயம் மெத்தென்றது, பாக்குவெட்டியாலேயே வெட்டலாம். "ஆரைச் செய்யப்போறாய்?" என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். "சரி, ராசாத்தி ஒண்டைச் செய்" என்று தன் வேலையைப் பார்த்தார்.

நான் அக்காவைச் செய்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். கச்சான் காற்று அனலாக அடித்த நாட்கள். அக்கா அறைக்குள் வெறுந்தரையில் சாய்ந்து, ஈரத் துணியை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடப்பா. ரீச்சரின் உருண்டையைப் பற்றி நான் சொன்னபோது கண்ணைத் திறக்காமல், "அதுக்குள்ள என்னைப் போட்டு விடு மனே, கொஞ்ச நேரம் குளிர்ந்து கிடக்கிறன்" என்றா.

வைகாசி பிறந்திருந்தது. கண்ணகை அம்மன் கோயில் கதவு வருஷத்துக்கு ஒருமுறைதானே திறக்கும். திறந்து, சடங்கு நடந்து, கடைசி நாள் அம்மனின் கோபம் ஆற ஊர் கூடிக் குளிர்த்தி பாடுவோம். பிறகு கதவை அடைத்தால் அடுத்த வைகாசிதான். அந்த நாட்களில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மனுக்கு ஊரே குளிர்த்தி செய்கிறது, அக்காவுக்கு யார் செய்வார்?

ஈயத் தகட்டில் தலை, தோள், சேலைக் கொசுவம் எல்லாம் வெட்டினேன். வயிறு வரவில்லை. பின்பக்கம் பெருவிரலை வைத்து அமுக்கினேன். வந்துவிட்டது. மூடியில் குங்கிலியத்தால் நிறுத்தி, தண்ணீரும் கிளிசரினும் கோதுத் தூளும் விட்டு, மூடியைச் சுற்றிலும் குங்கிலியம் பூசினேன். அதையும் அத்தான்தான் சிரட்டையில் சூட்டோடு தந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். அக்கா பனிக்குள் நின்றா. அந்தச் சந்தோஷம் மாதிரி ஒன்று எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

வெயிலில் குங்கிலியம் இளகும். நன்றாக இறுகக் குளிர்ச்சியான இடம் வேண்டும். வீட்டில் அப்படி ஒரே ஒரு இடம். அக்காவின் அறை மூலையில் தண்ணீர்ப் பானை வைத்திருந்த மணல். எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே புதைத்தேன். கண்காட்சி முடிந்ததும் அக்காவுக்கே கொடுப்பது என்று என் எண்ணம். ஒருவரிடமும் சொல்லவில்லை.

சடங்குக்குக் கதவு திறந்த மூன்றாம் நாள் விடிய அக்காவுக்கு வலி கண்டது. வண்டில் கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. டாக்குத்தர் அப்பாவைக் கூப்பிட்டு என்னவோ விளக்கினாராம், பாதி இங்கிலீசு, பாதி சிங்களம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். "என்ன சொன்ன?" என்று அம்மா கேட்டதற்கு, "ஒண்டுமில்ல, விதி எண்டு சொன்னவர்" என்றார். எந்த டாக்குத்தர் அப்படிச் சொல்லுவார்? விளங்கவில்லை என்று சொல்ல அப்பாவுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் அக்கா என்ன விலை கொடுத்தா என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அக்கா வீட்டுக்கு வந்தா. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்தா. அத்தான் பக்கத்தில் இருந்து ஒரு ஓலைப் பெட்டியால் விசிறிக்கொண்டே இருந்தார். ஒரு பகல் அவர் வலை வீசப் போயிருந்த நேரம், மாமா பேயோட்டும் கட்டாடியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கட்டாடியார் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். அறைக்குள் வந்தார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். மணல் கிளறிக் கிடந்ததைக் கண் இருக்கிற எவரும் கண்டிருக்கலாம். பானையைத் தூக்கச் சொல்லிக் கையை விட்டார். போத்தலை வெளியே எடுத்ததும் அவரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தனை வருஷமாகத் தேடினவருக்கு அன்றைக்குத்தான் மெய்யாக ஏதோ கிடைத்தது போல.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். "அது என்ட போத்தல்! கைப்பணிக்குச் செஞ்சது!"

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். அதட்டவில்லை. தலையைத் தடவிக்கொண்டுதான் கேட்டார்.

"நீயா மனே செஞ்ச?"

"ஓம் மாமா, நான்தான்."

"இந்த ஈயம் ஆரு தந்த?"

"அத்தான்."

"இதைத் தட்டினது?"

"அத்தான்தான்."

"வாயில பூசியிருக்கிற குங்கிலியம்?"

"அத்தான் சிரட்டையில தந்தவர்."

"இதுக்குள்ள வயித்தோட நிக்கிறது ஆரு?"

பொய் சொல்லக்கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள். "அக்கா" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. நான் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பனி, லண்டன், ரீச்சர், கண்காட்சி, அக்காவுக்குச் சூடு, எல்லாம் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சுவர்ப் பக்கம் கிடந்த அக்கா மட்டும் திரும்பி ஒரு முறை என்னைப் பார்த்தா.

அத்தான் வந்தார், மீன் பறியோடு. வாசலில் ஆட்களைக் கண்டு ஒன்றும் விளங்காமல் நின்றார். போத்தலைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"இதா? இது நம்மட சின்ன மச்சாள்ட பள்ளிக்கூட வேலை."

சிரித்திருக்கக்கூடாது. அந்தச் சிரிப்பை மாமா பிறகு ஊர் முழுக்கச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நின்று சிரித்தவன் என்று. மாமா போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அத்தான் அப்போதுதான் உள்ளே நின்ற உருவத்தையும் அதன் வயிற்றையும் கண்டார். சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஒன்றுமே இல்லை.

"புள்ள செஞ்சது," என்றார்.

"புள்ளய வச்சுச் செய்விச்சது," என்றார் மாமா.

"என்ட புள்ளய நானே ஏன் அழிக்க? சத்தியம் செய்யிறன். கோயில் திறந்துதானே கிடக்கு? இப்ப வாங்க. அம்மனுக்கு முன்னால கற்பூரம் அணைக்கிறன்."

அது பெரிய பேச்சு. கண்ணகை அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவனை ஊரில் ஒருவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். வந்து நின்ற ஆட்களும், சரி, செய்யட்டும் என்று தலையாட்டினார்கள். மாமாதான் கையை உயர்த்தினார். அவர் அந்தக் கோயில் வண்ணக்கர், நிருவாகம் அவருடையது.

"துடக்கு வீட்டு ஆள் சடங்கு நேரத்தில கோயில் வளவுக்குள்ள கால் வைக்க ஒண்ணா. துடக்குக் கழியட்டும், மறுகா வந்து செய்."

அத்தான் மீன் பறியை நிலத்தில் வைத்தார். பிள்ளை செத்த தீட்டு, அந்தத் துடக்கு, கழிவதற்குள் குளிர்த்தி முடிந்து கதவு அடைத்துவிடும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் துடக்கு மாமாவுக்கும் உண்டுதானே? அவரும் அக்காவும் தாய்வழியில் ஒரே குடி. அத்தான்தான் வேறு குடி. குளிர்த்தியன்று மாமா வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, கதவடியில் நின்றார். "மூச்சு விடாத புள்ளைக்கு எனக்கென்ன துடக்கு?" என்றாராம். அம்மாவின் காதிலும் விழுந்தது. அண்ணன் சொன்னால் அம்மாவுக்கு அதுதான் வேதம். நான் அந்த அம்மனை இன்றைக்கும் கும்பிடுகிறேன். அவ மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதவு அவ கையில் இருக்கவில்லை.

போத்தலை வாவி நடுவில் போட வேண்டும் என்று கட்டாடியார் சொல்லி, அத்தானின் தோணியையே கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கரையோரக் கண்ணா மரங்களுக்குள் நின்று பார்த்தேன். எறிவதற்கு முன் கட்டாடியார் அதை ஒருமுறை ஆட்டினார். வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே விழுவது முடியும் வரைக்கும் பார்த்தார். பிறகுதான் எறிந்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ரீச்சரின் காலடியில் விழாத குறையாக அழுதேன். ரீச்சர் நல்லவ. அன்றைக்கே வந்தா, உருண்டையையும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்தா. மாமா கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார். ரீச்சர் உருண்டையை ஆட்டிக் காட்டிப் பொறுமையாக விளக்கினா. முழு வகுப்பும் செய்தது, இதில் ஒரு மர்மமும் இல்லை என்றா. மாமா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

"ரீச்சர் சொல்லுறது சரிதான். ஆனா ரீச்சர்ட உருண்டைக்குள்ள வீடுதானே இருக்கு. புள்ளத்தாச்சி இல்லையே."

ரீச்சர் என் பக்கம் திரும்பினா. "உண்மையா? அக்காவையா செஞ்சாய்? ஏன் பிள்ளை?" அந்த "ஏன்" என்பதிலேயே அவவும் அவர்கள் பக்கம் போய்விட்டா என்று எனக்கு விளங்கியது. சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழும்பினா. அதற்குப் பிறகுதான் உங்கள் போத்தல்களையும் பள்ளிக்கூடக் கிணற்றடியில் உடைத்துக் கொட்டினார்கள். கண்காட்சிக்கு எல்லாரும் ஓலையில் பின்னியது கொண்டுபோனோம். ஏன் என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

அத்தானை யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. சோறு மட்டும் போடவில்லை. அம்மா சமைத்து அக்காவுக்கு உள்ளே கொண்டுபோவா, அவருக்கு இலை விழாது. கொஞ்ச நாள் தானே மீன் சுட்டுச் சாப்பிட்டார். பிறகு ஒரு காலை அறை வாசலில் நின்று அக்காவிடம், "துடக்குக் கழிஞ்சதும் வாறன்" என்றார். அக்கா திரும்பவில்லை. தோணியைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

சொன்னபடி வந்தார். குளித்து, திருநீறு பூசி, கற்பூரத்தோடு. கோயில் கதவு அடைத்துக் கிடந்தது. மாமாவின் வாசலில் போய் நின்று கேட்டார். "வைகாசிக்கு வா," என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. நான் அவர் பின்னாலேயே போனேன். அடைத்த கதவுக்கு முன்னால் மணலில் கற்பூரத்தைக் கொளுத்தி, "தாயே, என்ட கையால ஒரு கெடுதலும் நடக்கல்ல" என்று சொல்லி, உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார். கை கறுத்துச் சிவந்தது. சாட்சிக்கு நின்றது நான் ஒருத்தி.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "சத்தியம் பண்ணிட்டார் கா! கை சுட்டுட்டு! வெளிய நிக்கிறார், வா!"

அக்கா பாயில் இருந்தபடி, "கதவு திறக்காமச் செஞ்ச சத்தியம் கணக்கில்லையாம், மாமா சொன்னவர்" என்றா. எழும்பவில்லை. அத்தான் படலைக்கு வெளியே வெகுநேரம் நின்றார். அம்மா முற்றம் கூட்டுவது மாதிரி அவர் நின்ற திசைக்கே குப்பையைக் கூட்டினா. பிறகு நான் பார்த்தபோது அவர் இல்லை.

சோறு குடுத்த கலியாணம்தானே, பதிவு இல்லை. அடுத்த வைகாசிக்குக் கதவு திறக்கும் முன்பே அக்காவுக்கும் மாமாவின் மகனுக்கும் சோறு குடுத்தாயிற்று. இந்த முறை மாமா வயிறு நிறையச் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் அக்காவுக்கு ரெண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. அப்போது பானையடியில் ஒன்றும் இருக்கவில்லை. "முந்தினவன் செஞ்சது இன்னும் வெட்டுப்படல்ல" என்றார் மாமா. அத்தான் அக்கரையில் ஒரு பெண்ணைக் கட்டினார். அங்கே வீடு நிறையப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டோம். அதைக் கேட்டும் இந்தக் கரையில் ஒருவரும் தாங்கள் பிழைவிட்டதாகச் சொல்லவில்லை.

மாமா செத்தார், அம்மா அப்பா செத்தார்கள், மாமாவின் மகனும் போய்விட்டார். அக்கா அதே வீட்டில் தனியே இருந்தா. நான் பக்கத்து வளவு. அக்கா கண்மூடுவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி, மீன் விற்க வருகிறவன் சொன்னான், அத்தான் செத்துப்போய்விட்டார் என்று. மீனை வாங்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அக்கா கிணற்றடியில் குந்தியிருந்து மீனுக்குச் செதில் தட்டத் தொடங்கினா. சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"அவர் செய்யல்ல கா," என்றேன். எத்தனை வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். என்ட போத்தல், என்ட போத்தல் எண்டு கத்திக்கொண்டு வந்தியே, அப்பவே தெரியும்."

நான் அவவுக்கு எதிரே குந்தினேன். "மறுகா ஏன் கா ஒரு சொல்லுச் சொல்லல்ல? நீ சொல்லியிருந்தா அவர் போயிருக்கமாட்டாரே."

அக்கா மீனைப் புரட்டி மறுபக்கம் தட்டினா. "போத்தல்ல ஒண்டும் இல்லையெண்டா, புள்ள என்ட வயித்தாலதானே செத்த? அவர் செஞ்ச எண்டா நான் செய்வினை பட்டவள், ஊர் பாவம் எண்டு சொல்லும். அவர் செய்யல்ல எண்டா நான் புள்ள தின்னி. ஆரு மறுகா என்ட கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாங்க?" செதிலைக் கையால் வழித்துவிட்டு, "எனக்கு அப்ப பத்தொம்பது வயசு மனே," என்றா.

அழவில்லை. எனக்குத்தான் கண் மறைத்தது.

"தலையை எறியவா, குழம்புக்குப் போடவா?" என்று கேட்டா.

"போடு," என்றேன்.

மாமா மேல் இருந்த கோபம் எனக்குப் பழகின கோபம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அம்மனிடம் அதைச் சொல்லி இறக்கி வைக்கத் தெரியும். அக்கா சொன்ன இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மீன் கழுவின தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். திரும்பி வந்து அவவுக்குப் பக்கத்தில் இருந்து மிச்ச மீனையும் ஆய்ந்து கொடுத்தேன்.